மின்சாரம் இல்லாதபோது கைகொடுக்கும் அடிபம்பு: பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் நீர்மட்டத்தை அளந்துவிடுங்கள், அதுவும் கோடையில். நூலில் கனமான போல்ட்டைக் கட்டி இறக்கினால் போதும். மேலிருந்து உறிஞ்சும் சாதாரண அடிபம்பு நடைமுறையில் 7 மீட்டர் ஆழம் வரைதான் இழுக்கும். காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அதன் உச்சவரம்பே 10.3 மீட்டர். எவ்வளவு விலையுயர்ந்த பம்பானாலும் இதை மீறாது.

7 மீட்டருக்குக் கீழே நீர் இருந்தால், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான சிலிண்டரையே தண்ணீருக்குள் இறக்க வேண்டும். இங்கே பெரிய சிலிண்டர் வாங்கி ஏமாறாதீர்கள். 50 மி.மீ. சிலிண்டரில் 30 மீட்டர் தூக்க, பிஸ்டன்மேல் சுமார் 59 கிலோ பாரம் ஏறும். 5 மடங்கு நெம்பும் கைப்பிடியில் 12 கிலோ அழுத்தம். 63 மி.மீ. என்றால் அது 19 கிலோவைத் தொடும். வீட்டுப் பெரியவர்களால் அடிக்க முடியாது.

பிஸ்டனில் மாட்டும் தோல் வாஷரை இரவு முழுக்க ஊறவைத்து மாட்டுங்கள். காய்ந்த வாஷர் காற்றை விடும்.

ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றினால்தான் பம்பு எடுக்கிறதா? தண்ணீர் கீழே திரும்பாமல் தடுக்கும் அடிவால்வில் மணல் சிக்கியிருக்கும். நீர் விட்டுவிட்டுக் கொப்பளித்தால் குழாய் இணைப்பில் காற்று நுழைகிறது. டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி முறுக்குங்கள்.