எடுத்ததற்கெல்லாம் வில்லைத் தூக்காதீர்கள்

போன வாரம் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொன்னான். "டெய்லி ஐ வில் கெட் அப் அட் ஃபைவ். ஐ வில் ஹெல்ப் மை ஃபாதர் இன் த ஷாப்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. 20 வருஷத்துக்கு முன்னால் நான் பேசிய இங்கிலீஷ் அப்படியே எழுந்து வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது.

ஹி, ஷி வந்தால் நிகழ்கால வினையில் எஸ் சேர்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் யாரும் விடுவதில்லை, வாய் பழகாமல்தான் விடுகிறார்கள். விதியெல்லாம் ஒப்பிக்கத் தெரிந்தவர்களே சறுக்கும் இடம் வேறு: எதிர்காலத்துக்கான "வில்" என்ற சொல்லைத் தினப்படிப் பழக்கத்துக்கும் போட்டுவிடுவது.

போகிறேன் என்றால் பிரசன்ட், போவேன் என்றால் ஃப்யூச்சர்?

டென்ஸ் பாடத்தின் முதல் பக்கம் நம் நோட்டுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இந்தப் பக்கம் "ஐ கோ, நான் போகிறேன்". அந்தப் பக்கம் "ஐ வில் கோ, நான் போவேன்". பார்க்க ரொம்பச் சுத்தமாக இருக்கும். இந்த ஒரு பக்கம் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் என் இங்கிலீஷைக் கெடுக்கவில்லை.

சிக்கல் தமிழில் இருக்கிறது. "காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் "ரெண்டு இட்லி சாப்பிடுவேன்" என்கிறோம். சொல்லின் உருவம் எதிர்காலம். ஆனால் நாளைக்குச் சாப்பிடப் போகும் இட்லியைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. தினப்படிப் பழக்கத்தைச் சொல்கிறோம். அப்பா ஒன்பது மணிக்கே படுத்துடுவார், தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும், சூரியன் கிழக்கே உதிக்கும், எல்லாமே அப்படித்தான். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. முக்காலத்துக்கும் பொதுவான செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டும் உதாரணம் "மலை நிற்கும்". நாளையிலிருந்து நிற்கும் என்றா பொருள்?

இங்கிலீஷுக்குப் போனால் இவை எதற்கும் வில் கிடையாது. ஐ ஈட் டூ இட்லிஸ். மை ஃபாதர் கோஸ் டு பெட் அட் நைன். வாட்டர் பாய்ல்ஸ் அட் எ ஹண்ட்ரட் டிகிரீஸ். கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒழுங்கில்லை: செருப்பை மாட்டிக்கொண்டே "கடைக்குப் போறேன்" என்றால் அது "ஐ ஆம் கோயிங்", "ஐ கோ" இல்லை. ஆக அந்த நோட்டின் முதல் பக்கத்தில் நாம் மனப்பாடம் செய்தது இரண்டுமே பாதிதான் சரி.

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். டிகிரி முடித்த கையோடு ஒரு கம்பெனி இன்டர்வியூ. சாயங்காலங்களில் என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூ எடுத்தவர் கேட்டார். அப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் "டியூஷன் எடுப்பேன்" என்று தமிழ் ஓடியது. வாயில் "ஐ வில் டேக் டியூஷன்" என்று வந்தது. அவர் தலையாட்டிவிட்டு, எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் பதறி, "ஆல்ரெடி ஸ்டார்ட்டட் சார், டூ இயர்ஸ்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இப்போதுதான் செய்யப் போவதாகச் சொன்னவன், அடுத்த நொடியே இரண்டு வருஷமாகச் செய்கிறேன் என்கிறான். பொய் சொல்கிறவன் இப்படித்தானே மாற்றிப் பேசுவான்? அந்த வேலை கிடைக்கவில்லை. எழுத்துத் தேர்வில் ஃபில் இன் த பிளாங்க்ஸ் அத்தனையும் சரியாகப் போட்டவன் நான்.

எரிச்சலே அதில்தான். பிளாங்க்ஸில் "எவ்ரி டே" என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாகச் சரியானதை எழுதிவிடும். பேசும்போது அந்தத் துப்பு கிடையாது. தமிழ் வாக்கியம்தான் முன்னால் நிற்கும்.

கிராமர் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், பழக்கத்துக்கும் வில் வருமே என்பார்கள். வரும். "ஹி வில் சிட் தேர் ஃபார் அவர்ஸ்" என்று ஒருவருடைய குணத்தை அலுப்போடோ பிரியத்தோடோ சொல்லும்போது வரும். பல் தேய்ப்பதையும் பஸ் ஏறுவதையும் சொல்ல அது வேண்டாம்.

மாட்டேன் இன்னும் மோசம்

"நான் காபி குடிக்க மாட்டேன்." தமிழில் இது எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றும் ஆகும், முடியாது போ என்றும் ஆகும். எதிராளி குரலை வைத்துப் புரிந்துகொள்வார். "ஐ வில் நாட் ட்ரிங்க் காபி" என்றால் இரண்டாவது அர்த்தம்தான் முதலில் காதில் விழும். வடக்கிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் ஆசையாக நீட்டிய கோப்பையைப் பார்த்து நான் அப்படிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். "ஐ டோண்ட் ட்ரிங்க் காபி" என்றிருந்தால் டீ வந்திருக்கும்.

வழக்கமா என்று சேர்த்துப் பாருங்கள்

என் வகுப்பில் நான் நம்புவது இந்த ஒரு சோதனையைத்தான். மனசில் ஓடும் தமிழ் வாக்கியத்தில் "வழக்கமா" என்ற சொல்லைச் செருகுங்கள். பொருள் மாறாமல் நின்றால் வில்லைக் கீழே வையுங்கள். "அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன்." வழக்கமா அஞ்சு மணிக்கு எழுந்திருப்பேன், நிற்கிறது. எனவே ஐ கெட் அப். "அடுத்த மாசம் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவேன்." வழக்கமா அடுத்த மாசம்? இடிக்கிறது. எனவே ஐ வில் ரிட்டர்ன்.

பழகுவதற்கு உங்கள் நாளைச் சொல்லாதீர்கள், அம்மாவின் நாளைச் சொல்லுங்கள். ஷி கெட்ஸ் அப், ஷி மேக்ஸ் காபி, ஷி வாட்டர்ஸ் த பிளான்ட்ஸ். வில் ஒழிவதோடு எஸ்ஸும் நாக்கில் ஏறும்.

பண்றேன் என்ற வாக்குறுதி

இங்கே கதை தலைகீழ். "அப்புறம் கால் பண்றேன்", "நானே எடுத்துட்டு வர்றேன்" என்று தமிழில் நிகழ்கால உருவில் வாக்குக் கொடுக்கிறோம். அதை அப்படியே "ஐ கால் யூ லேட்டர்" என்று இறக்கிவிடுகிறோம். வில் உண்மையில் தேவைப்படும் இடம் இதுதான்: ஐ வில் கால் யூ லேட்டர். பழக்கத்துக்குப் போட்ட வில்லைப் பிடுங்கி இங்கே நட்டால் பாதி வேலை முடிந்தது.

ஐ ஆம் கோ

இது தப்பு. ஆம் இருக்க வேண்டும் என்றால் கோ, கோயிங் ஆக வேண்டும். கோ வேண்டும் என்றால் ஆம் போக வேண்டும்.

டஸ் ஹி கோஸ்

டஸ்ஸிலேயே எஸ் இருக்கிறது. அது ஒன்று போதும்: டஸ் ஹி கோ.

ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்

அண்ணன் தம்பிகள் காபியோ டிபனோ இல்லை, குடித்துச் சாப்பிட்டு முடிக்க. ஐ ஹேவ். நோ (தெரியும்), லைக், வான்ட் மூன்றையும் இங் சேராத இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயில்

நாளைய ரயிலாகவே இருந்தாலும் டைம் டேபிளில் அச்சான நேரம் என்றால் "த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்" என்று சொல்லலாம். நேரம் அட்டவணையில் ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்பதால் இந்தச் சலுகை. நம் சொந்தத் திட்டங்களுக்கு இது பொதுவாகக் கிடையாது.

அந்தப் பையனை நேற்று மறுபடி எழுப்பினேன். "ஐ கெட் அப் அட் ஃபைவ். ஐ ஹெல்ப் மை ஃபாதர் இன் த ஷாப்." ஒரு வில் கூட இல்லை. சந்தோஷமாக உட்காரச் சொன்னேன். வகுப்பு முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் சொன்னான்: "சார், டுமாரோ ஐ கம் லேட்."