மொபைலில் பேசும் மனிதக் கேரக்டர்: எங்கே பிசகுகிறது?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் முப்பரிமாண அனிமேஷன் பழகும் பிள்ளைகள் செய்யும் கேரக்டர்கள் பெரிய மானிட்டரில் உயிரோடு நிற்கின்றன. பத்தாயிரம் ரூபாய் மொபைலில் ஏற்றினால் திணறுகின்றன. திறமையில் குறையில்லை, கணக்குப் பார்க்காததுதான் காரணம்.

முகத்தையும் உடம்பையும் ஒரே மெஷ்ஷாக, அதாவது புள்ளிகளை இணைத்த ஒரே வலையாக, விடாதீர்கள். ஐபோனில் முக அசைவைப் பிடிக்கும் ஏஆர்கிட் முறைப்படி முகத்துக்கு 52 பிளெண்ட் ஷேப், அதாவது ஒவ்வொரு முக அசைவுக்கும் புள்ளிகள் எவ்வளவு நகரும் என்ற பதிவு. மெஷ்ஷில் 20,000 புள்ளிகள் இருந்து, ஒவ்வொரு ஷேப்பிலும் புள்ளிக்கு 12 பைட் வீதம் அப்படியே சேமித்தால் சுமார் 12.5 எம்பி போய்விடும். தலையை மட்டும் 4,000 புள்ளிகளில் பிரித்து வைத்தால் 2.5 எம்பி போதும். கழுத்தில் இரண்டு மெஷ்ஷின் நார்மல்களும் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை) ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுக்கோடு தெரியும்.

பிஎன்ஜி கோப்பு சின்னதுதானே என்று மெஷ் மேல் போர்த்தும் படத்தை, அதாவது டெக்ஸ்ச்சரை, 4096×4096 பிக்சல் அளவில் போடுவதும் தப்பு. நினைவகத்தில் அது விரிந்தால் 64 எம்பி. ஏஎஸ்டிசி 6×6 என்ற டெக்ஸ்ச்சர் சுருக்க முறையில் சுருக்கினால் ஏழு எம்பி சொச்சம்தான். கையகலத் திரைக்கு முகம் 1024-ல் இருந்தாலே பெரும்பாலும் தாராளம்.

முடியை ஒளி ஊடுருவும் பட்டைகளாக அடுக்கினால் ஒரே பிக்சலைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டிவரும். கெட்டியான மெஷ்ஷில் ஒரு கொண்டை போடுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது உதட்டசைவு. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் "வாம்மா, வஞ்சிரம் பாரு" என்று கூப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். 'வா'வில் கீழுதடு மேல்பல்லை ஒட்டி வரும். 'ம்மா'வில் இரண்டு உதடும் முழுசாக மூடி, ஒரு கணம் நின்று, பிறகு திறக்கும். ஆங்கிலப் பேச்சுக்குப் பழக்கிய தானியங்கி லிப்சிங்க் அந்த நிற்றலைப் பல நேரம் விட்டுவிடும். போதாததற்கு அசைவை மென்மையாக்கும் ஃபில்டர் வேறு மிச்சத்தையும் கரைத்துவிடும். வாய் திறந்தபடியே 'அம்மா' சொல்லும் முகத்தைத் தமிழ்க் காது உடனே சந்தேகிக்கும். ப், ம் வரும் இடங்களை, முக்கியமாக இரட்டிக்கும் இடங்களை, கையால் திருத்துங்கள். நொடிக்கு 30 ஃபிரேமில் மூன்று நான்கு ஃபிரேமாவது உதடு மூடியிருக்கட்டும். ழகரத்துக்காக நாக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெளியே தெரிவது குறைவு.

கண்ணும் சும்மா வெறிக்கக்கூடாது. மனிதச் சாயல் கூடக்கூடச் சின்னப் பிசகும் மிரட்டும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார்.

ஏசி அறையில் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மதிய வெயிலில், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கால்மணி நேரம் ஓட்டுங்கள். சூடேறியதும் மொபைல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேமில் தொடங்கித் தடுமாறினால் 30-லேயே பூட்டிவிடுங்கள். அப்போது ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிநொடி கிடைக்கும், அசைவும் சீராக இருக்கும்.