மருத்துவர் சொன்னது உறவினருக்குப் போய்ச் சேர்ந்ததா: அளந்தறியும் முறை

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியால் பேச இயலாதபோது, மருத்துவரின் விளக்கம் வெளியே காத்திருக்கும் உறவினரிடமே சொல்லப்படுகிறது. அதன் தரத்தை அறிய, "திருப்தியாக இருக்கிறதா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வது பயன் தராது, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது மருத்துவரைக் குறைகூறும் துணிவு எளிதில் எவருக்கும் வராது.

முதலில் அளக்க வேண்டியது புரிதலை. பிரான்ஸில் ஏலி அசுலே குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உறவினர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் என்ன, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, என்ன சிகிச்சை நடக்கிறது என்பவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது சரிவர அறிந்திருக்கவில்லை. இம்மூன்றையுமே கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பு நடந்த அன்றே, அந்தச் சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர் உறவினரைத் தனியே அமர்த்தி, "அப்பாவுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்?" என்று கேட்டு, விடையை அவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, பின்னர் மருத்துவரின் குறிப்போடு ஒப்பிட வேண்டும். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், தலையசைப்புதான் கிடைக்கும்.

யாரைக் கேட்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நம் குடும்பங்களில் இரவெல்லாம் உடனிருப்பவர் ஒருவர், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் வேறொருவர். முடிவெடுக்கும் பெரியப்பா சில வேளைகளில் தொலைபேசியில் மட்டுமே இருப்பார்.

அடுத்தது, பேச்சின் பங்கு. அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனைகளில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட, மருத்துவர்களும் குடும்பத்தாரும் பேசிய 51 சந்திப்புகள் சராசரியாக 32 நிமிடங்கள் நீடித்தன. அவற்றில் குடும்பத்தார் பேசியது 29 விழுக்காடே. அவர்கள் பேசிய பங்கு கூடிய இடங்களில் மனநிறைவும் கூடியிருந்தது என்று 2004இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. அனைவரின் ஒப்புதலோடு பதிவு செய்து, இரு தரப்பின் நேரத்தையும் கணக்கிட்டாலே போதும்.

வினாத்தாள் இதற்குப் பிறகுதான். நோயாளிகளுக்கென கிரிகரி மக்கூல் குழுவினர் 2007இல் வெளியிட்ட 15 கேள்விகள் கொண்ட ஐந்து படி அளவுகோலில், 'மிகச் சிறப்பு' என்ற விடைகளின் விழுக்காடே மதிப்பெண்ணாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலோர் தாராளமாகவே மதிப்பிடுவதால், சராசரி எடுத்தால் வேறுபாடுகள் மறைந்துவிடும். அதை உறவினருக்கேற்ப மாற்றித் தமிழாக்கியபின் சில உறவினர்களிடம் வாசித்துக் காட்டித் திருத்துங்கள்.

நோயாளி இறந்த குடும்பங்களைச் சில வாரங்கள் கழித்து அணுகி, அவர்களின் விடைகளைத் தனியே தொகுக்க வேண்டும். அமெரிக்க ஆய்வொன்றில், பிழைத்தவர்களின் குடும்பங்களைவிட இவர்களே கூடுதல் மனநிறைவைத் தெரிவித்திருந்தனர். இரண்டையும் கலந்தால், அந்த மாதத்து இறப்புகளின் எண்ணிக்கையே மருத்துவரின் மதிப்பெண்ணை மாற்றிவிடக்கூடும்.