போக்கர் பணத்துக்குத் தனிக் கணக்கு: என் அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் ஷீட் விற்றுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நிற்கும், வரவும் நிற்கும். அந்தப் பணமும் ஆன்லைன் போக்கர் என்ற சீட்டாட்டப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்ததால், ஆட்டத்தில் லாபமா நஷ்டமா என்றே தெரியவில்லை. தனியாக ஒரு கணக்கு திறந்து 6000 ரூபாய் மட்டும் போட்டேன்.

ஏன் 6000? பிளைண்ட் (சீட்டு போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பந்தயம்) 1, 2 ரூபாய் உள்ள மேசையில் உட்கார வழக்கமாக 100 பெரிய பிளைண்ட், அதாவது 200 ரூபாய் வேண்டும். அதைப்போல் 30 மடங்கு. நன்றாக ஆடுபவருக்கும் சீட்டு தொடர்ந்து எதிராக விழும் காலம் வரும். அதைத் தாங்கத்தான் இவ்வளவு இருப்பு. 4000-க்குக் கீழே போனால் பாதி பிளைண்ட் மேசைக்கு இறங்கிவிடுவேன். மனசு வராது, ஆனால் என்னைக் காப்பாற்றியது இந்த விதிதான். டோர்னமெண்டில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். 100 டோர்னமெண்டுக்கான நுழைவுக் கட்டணமாவது கையில் இல்லாமல் நான் போக மாட்டேன்.

அப்புறம் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மீதிப் பணத்தை எடுத்து வீட்டுக் கணக்கில் சேர்த்தேன். இப்போது இலவச சிப்ஸ் (பண மதிப்பில்லாத வில்லைகள்) ஆட்டம் மட்டும்தான்.