மெட்டுக்குப் பாட்டு எழுதறது எப்படி: வடாற்காட்டுப் பசங்களுக்கு

சினிமாவுக்குப் பாட்டு எழுதணும்னு ஆசைப்படற பசங்க நம்ம வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் நிறைய பேரு இருக்காங்க, போனை வாங்கிப் பார்த்தா நோட்ஸ்ல நாலு வரி கண்டிப்பா இருக்கும், கவிதையா படிச்சா நல்லாவும் இருக்கும். ஆனா ஒரு மியூசிக் டைரக்டர் வாட்ஸ்அப்புல ஒரு மெட்டைத் தட்டிவிட்டு ராத்திரிக்குள்ள பல்லவி வேணும்னா அங்கதான் மாட்டிக்குவாங்க. ஏன்னா இங்க வார்த்தைக்கு மெட்டு கிடையாது, மெட்டுக்குத்தான் வார்த்தை. எந்த எழுத்து எங்க நீளணும்னு காது பழகணும், அது பழகிட்டா மத்தது பின்னாடியே வந்துரும்.

முதல்ல ஒருத்தரோட வாழ்க்கையை எடுத்துப் படிங்க. என்னைக் கேட்டா நா.முத்துக்குமாரைச் சொல்வேன், ஏன்னா நமக்கு ரொம்பப் பக்கத்து ஆளு, காஞ்சிபுரம் பக்கம் கன்னிகாபுரம், 1975ல பொறந்தவரு. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, அப்பா தமிழ் வாத்தியாரு, வீடு பூரா புக்கு. டிகிரில படிச்சது பிசிக்ஸ், அப்பால சென்னை பச்சையப்பன்ல தமிழ் எம்.ஏ. டைரக்டர் ஆகணும்னுதான் பாலுமகேந்திராகிட்ட போய் சேர்ந்தாரு, ஆனா 2000ல வீரநடை படத்துக்கு எழுதின பாட்டுல இருந்து ரூட்டே மாறிப்போச்சு. 2016 ஆகஸ்ட் 14ல அவர் இறக்கசொல்ல வயசு 41தான், அதுக்குள்ள ஆயிரத்து ஐநூறு பாட்டுக்கு மேல. கணக்கு போட்டுப் பாருங்க, பதினாறு வருஷத்துக்கு வகுத்தா ஏறத்தாழ நாலு நாளைக்கு ஒரு பாட்டு. நடுவுல தங்க மீன்கள், சைவம்னு ரெண்டு படத்துப் பாட்டுக்கும் அடுத்தடுத்த வருஷம் நேஷனல் அவார்டு வேற. அதனால மூடு வரட்டும்னு காத்திருந்து எழுதறவனுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது. அவர் பாட்டுல அப்பா, பொண்ணு, தெரு, சைக்கிள், மழைன்னு வீட்டுச் சாமான்தான் அதிகம், வானத்துல இருந்து எதையும் இறக்கல. அதைக் கவனிங்க, ஆனா காப்பி அடிக்காதீங்க, அவர் மாதிரியே எழுதறவன் ஏற்கனவே கோடம்பாக்கத்துல தெருவுக்கு ஒருத்தன் இருக்கான்.

சரி, காதைப் பழக்கறது எப்படி? இதுக்கு கோர்ஸ் எதுக்கும் காசு கட்டாதீங்க. நம்ம வடாற்காட்டுலயே இதுக்கு ஒரு பெரிய ஆளு இருந்திருக்காரு, அருணகிரிநாதர். திருவண்ணாமலை முன்ன நம்ம ஜில்லாதானே, 1989லதான் பிரிஞ்சுது. பதினஞ்சாம் நூற்றாண்டு ஆளு, முருகன் மேல திருப்புகழ்னு பதினாறாயிரம் பாட்டு பாடினாருன்னு சொல்லுவாங்க, கைக்குக் கிடைச்சது ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம். அதுவே எவ்ளோ பாருங்க. அதுல நிறைய பாட்டு சுவடி சுவடியா தேடிப் புடிச்சு 1894லதான் முதல் தடவை புக்கா வந்துச்சு. நம்ம வள்ளிமலை சச்சிதானந்த சாமிகள் அதை ஊர் ஊரா பரப்பினாரு, காங்கேயநல்லூர் வாரியார் சாமி அதுக்குன்னே பத்திரிகை நடத்தினாரு. பக்தி இருந்தாலும் இல்லாட்டியும் பரவாயில்ல, புக்கை வாங்குங்க. நல்ல பதிப்புல ஒவ்வொரு பாட்டுக்கு மேலயும் சந்தம் போட்டிருப்பாங்க. முத்தைத்தரு பத்தித் திருநகைக்கு மேல தத்தத்தன தத்தத் தனதனன்னு இருக்கும், அதுதான் மெட்டு, இதுதான் லிரிக். இன்னைக்கு மியூசிக் டைரக்டர் லாலான்னு ஹம் பண்ணி அனுப்பறதும் இதேதான், பேருதான் வேற.

கத்துக்க வேண்டியது கொஞ்சம்தான். ரெண்டு குறில் வந்தா தன, நெடிலும் குறிலும் வந்தா தான, நடுவுல மெல்லின ஒத்து, அதாவது மெல்லினப் புள்ளி எழுத்து, வந்தா தந்த, வல்லின ஒத்து வந்தா தத்த. கனின்னா தன, பாலுன்னா தான, பந்துன்னா தந்த, பட்டுன்னா தத்த. பஸ்ஸுல போசொல்ல கடை போர்டெல்லாம் இப்படியே வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போங்க, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரு, பார்க்கட்டும்.

அடுத்து மெட்டு. வார்த்தை இல்லாத ஒரு டியூனை எடுங்க, நாதஸ்வரமோ கீபோர்டோ எதுவா இருந்தாலும் சரி, பேனாவைத் தொடாம திரும்பத் திரும்பக் கேளுங்க, கேட்டுக்கிட்டே கோட்டையைச் சுத்தி ஒரு நடை போயிட்டு வாங்க. வந்து உக்காந்து தனதன தானான்னு பேப்பர்ல எழுதுங்க, எங்க மூச்சு விடணுமோ அங்க ஒரு கோடு, எங்க சுரம் நீளுதோ அங்க ஒரு வட்டம். இப்போ தனதன தானா தனதன தானான்னு ஒரு வரி வந்திருக்குன்னு வெச்சுக்குங்க. அதுக்கு கரையில நீயா அலையில நானான்னு போடுவேன், அப்படியே உக்காருது பாருங்க. (பாலாத்துல ஏதுய்யா அலைன்னு கேக்காதீங்க, அகழியில இருக்கு.) அதே இடத்துல ஆத்தங்கரை நீயான்னு போட்டா தன வர்ற இடத்துல ஆத்தன்னு நெடிலும் ஒத்தும் வந்து உக்காந்துக்கும், பாடறவன் ஒண்ணு அதை முழுங்கணும் இல்லன்னா தாளத்தை விடணும். அர்த்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா ரெண்டாவதைக் கேட்ட மியூசிக் டைரக்டர் அடுத்த தடவை உங்களுக்குப் போன் பண்ணமாட்டாரு.

வட்டம் போட்ட இடம் ரொம்ப முக்கியம். சுரம் நீண்டு நிக்கிற இடத்துல ஆ, ஏ, ஓ மாதிரி வாய் திறக்கற ஓசை வரணும். மேல் ஸ்தாயியில போய் ஈன்னோ ஊன்னோ நிறுத்தினா குரல் கீச்சுன்னு ஆயிரும், எல்லாராலயும் அதை அழகா பாட முடியாது. முடியற எழுத்து ம், ன், ல்னா கொஞ்சம் இழுத்துக்கலாம், க், ட், ப்னா கதவு மூடின மாதிரிதான். எதுகை மோனை எல்லாம் இதுக்கு அப்புறம். நிறைய பேரு எதுகையைப் புடிச்சுக்கிட்டு ஆரம்பிக்கறாங்க, அப்புறம் கண்ணே பொன்னேன்னு பழைய சரக்குலயே போய் விழறாங்க.

எழுதறதுன்னு சொல்றோமே தவிர வேலை வாயிலதான். கண்ணதாசன் எம்.எஸ்.வி. ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல உக்காந்து வாயால சொல்லச்சொல்ல பஞ்சு அருணாசலம் மாதிரி உதவியாளருங்க எழுதிக்கிட்டாங்க. நீங்களும் போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு பாடிப் பாடித் தேடுங்க. முதல்ல அர்த்தமே இல்லாத தமிழ் வார்த்தையா விழும், விழட்டும். ஒரு மெட்டுக்கு ஒரே பல்லவியோட நிறுத்தாதீங்க, அஞ்சாறு குடுங்க, உங்களுக்கு உசுரா இருக்கறது அவங்களுக்குப் புடிக்காது, சும்மா சேர்த்துக் குடுத்ததுதான் ஓகே ஆகும். இந்தத் தொழில்ல அது சகஜம், மூஞ்சத் தூக்கி வெச்சுக்காதீங்க.

விஷயத்துக்கு எங்க போறது? ஊர்லயே கெடக்கு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊரைப் பத்திப் பெருசுங்க சொல்லுமே, அதை ஒரு தடவை பாடிப் பாருங்க, இல்லாதங்கற ஒரே வார்த்தை மூணு தடவை வந்து விழுந்து தானாவே பல்லவி ஆயிருது. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் 1981லயே திரும்ப உள்ள வந்துட்டாரு, அதனால நடு வரி இன்னைக்குப் பொய்யி. அப்போ அந்த நடு வரியை மாத்தி எழுதுங்க, அதுதான் உங்க ஹோம்வொர்க். தெருக்கூத்துல கட்டியங்காரன் ஆளுங்களைப் பார்த்து அந்த நிமிஷம் கட்டிவிடற வரியையும் போய்க் கேளுங்க.

எழுதினதை நீங்களே பாடிப் பார்த்து ஓகேன்னு சொல்லிக்காதீங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தசொல்ல தெருவுக்குத் தெரு ஆர்கெஸ்ட்ரா நடக்குதுல்ல, அதுல பாடற அண்ணன் அக்கா யார்கிட்டயாவது பணிவா குடுத்து, அண்ணே ஒரு தடவை பாடிக் காட்டுங்கண்ணேன்னு கேளுங்க. அவர் எங்க தடுக்கறாரோ அங்கதான் கை வைக்கணும், நீங்க விளக்கம் சொல்லக்கூடாது.

கடைசியா காசு. வேலை குடுக்கறவங்க ஒரு பேப்பரை நீட்டி மொத்தமா எழுதிக் குடுத்துருன்னு சொன்னா அவசரப்படாதீங்க. 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்திட்டாங்க. தியேட்டர்ல படத்தோட சேர்ந்து ஓடறது போக, ரேடியோ, டிவி, ஸ்ட்ரீமிங்னு பாட்டு போற மத்த இடத்து ராயல்டில பாடலாசிரியருக்குப் பங்கு உண்டு, அந்த உரிமையை வாரிசுக்கோ, ராயல்டி வசூல் பண்ணித் தர்ற காப்பிரைட் சொசைட்டிக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் குடுக்க முடியாது, குடுத்தாலும் செல்லாது. பாட்டு வெளிய வந்ததும் ஐபிஆர்எஸ்ங்கற காப்பிரைட் சொசைட்டில மெம்பர் ஆயிருங்க, ஒவ்வொரு பாட்டையும் அங்க பதிவு பண்ணுங்க. காப்பிரைட் நீங்க எழுதின நிமிஷமே உங்களோடதுதான், இருந்தாலும் மெயில்ல தேதியோட அனுப்பி வெச்சுக்குங்க, வாட்ஸ்அப் ஆடியோவை டெலீட் பண்ணாதீங்க, யூடியூப் டிஸ்கிரிப்ஷன்ல பாடல் வரிகள்னு போட்டு உங்க பேரு ஸ்பெல்லிங் சரியா வந்திருக்கான்னு ரிலீசுக்கு முந்தின நாளே கேட்டுருங்க.