செஸ்கி க்ரும்லோவ்: சின்ன ஊர்தானே என்று கிளம்பாதீர்கள்

செக் நாட்டின் தெற்கில் இருக்கும் செஸ்கி க்ரும்லோவுக்குப் போகிறவர்களில் பலர் பிராக் நகரில் காலையில் பஸ் ஏறி, இரவுக்குள் திரும்பிவிடத் திட்டம் போடுகிறார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஊரில் நிற்பதோ கூட்டம் நெரியும் நடுப்பகலில் மட்டும். வ்ல்தாவா ஆறு பாம்பு மாதிரி வளைந்து சுற்றிய பழைய ஊர், 1992 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பது, சுற்றுலா பஸ்கள் கிளம்பிய பிறகுதான் தன் முகத்தைக் காட்டும். ஒரு ராத்திரி தங்குங்கள்.

அடுத்த தவறு, ஊரின் கோட்டையை ஒரே கட்டடம் என்று நினைப்பது. பிராக் கோட்டைக்கு அடுத்தபடி அந்த நாட்டிலேயே பெரியது இதுதான். ஐந்து முற்றங்கள். அவற்றில் நடக்கக் காசு வேண்டாம். அகழியில் வளர்க்கும் கரடிகளையும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அறைகளுக்குள் தனியாகப் போக முடியாது. வழிகாட்டியோடு, குறித்த நேரத்துக்குத்தான். அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட சுற்றுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். பலர் தவறவிடுவது கோட்டைக்குள் இருக்கும் நாடக அரங்கத்தை. 1766-இல் புதுப்பித்த, பரோக் என்ற ஆடம்பர அலங்காரப் பாணி அரங்கம். காட்சித் திரைகளை நகர்த்தும் மர இயந்திரங்கள்கூட அப்படியே மிஞ்சியிருக்கின்றன. ஐரோப்பாவிலேயே இப்படிப்பட்டவை மிகக் குறைவு. ஒரே ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குளிர்காலத்தில் மட்டும் இது திறந்திருக்காது. மற்ற அறைகளும் அப்போது பெரும்பாலும் மூடியிருக்கும், திங்கட்கிழமையும் சிக்கல்தான். அதனால் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே கோட்டையின் இணையதளத்தைப் பாருங்கள்.

கோட்டைக் கோபுரத்துக்கு 162 படி. ஏறலாம், ஆனால் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த பிறகு அல்ல. தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது. ரயில் நிலையமோ ஊருக்கு வெளியே மேட்டில் இருக்கிறது. முதுகுப் பையும் தட்டையான ஷூவும் போதும்.

பணம்: செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது கொருனா. சில கடைகளில் யூரோ வாங்குவார்கள், மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். கார்டு தேய்க்கும்போது 'ரூபாயில் கழிக்கவா?' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

அப்புறம், ஓவியர் எகோன் ஷீலேயின் பெயரில் இருக்கும் கலை மையத்துக்கு அவருடைய பெரிய ஓவியங்களைத் தேடிப் போகாதீர்கள். அவற்றில் நிறைய வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே தேட வேண்டியது அவர் ஓவியங்களில் வரும் இந்த ஊர்க் கூரைகளை. மேட்டில் நின்று கீழே பார்த்தால் தெரியும். அம்மா பிறந்த ஊர் என்று 1911-இல் வந்து குடியேறியவரை, அவர் வாழ்ந்த விதம் பிடிக்காமல் சில மாதங்களிலேயே ஊர்க்காரர்கள் விரட்டிவிட்டார்கள். இன்று கடைத்தெருவில் அவர் படம் போட்ட தபால் அட்டைகளைத்தான் விற்கிறார்கள்.