லினக்ஸில் விண்டோஸ் கேம்: கதவு இறுகியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

மழையில் ஊறிய மரக்கதவு லேசில் திறக்காது. பூட்டிய கதவும் திறக்காது. வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முன்னதைத் தோள்கொடுத்துத் தள்ளினால் வழிவிடும். பின்னதைத் தள்ளினால் தோள்தான் வலிக்கும். விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். அதில் ஒரு விண்டோஸ் கேம் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கதவு இறுகியிருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

இறுகிய கதவு என்பது மொழிபெயர்ப்புச் சிக்கல். கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது ஒயின் என்ற மென்பொருள். 1993-ல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸின் வரைகலை மொழியான டைரக்ட்3டியின் கட்டளைகளை, லினக்ஸுக்கும் புரியும் வல்கன் என்ற வரைகலை மொழிக்கு மாற்ற டிஎக்ஸ்விகே இருக்கிறது. டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி-புரோட்டான். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான், இப்படிப்பட்ட பாகங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அதன் இணையக் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. 2022-ல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி வந்தபின் இந்த மொழிபெயர்ப்பு வேகமாகத் தேறியது. தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை இன்று இன்ஸ்டால் செய்த உடனே ஓடுகின்றன. ஓடாதவற்றுக்கும் யாராவது ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள்.

பூட்டு வேறு ரகம். கேமின் ஒவ்வொரு வரியும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும். ஆனால் அதோடு வந்த டிஆர்எம் என்ற உரிமைப்பூட்டோ, ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கும் ஆன்டி-சீட்டோ சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரிந்த விண்டோஸ் இல்லையே" என்று கேமையே நிறுத்திவிடும். இங்கே கோளாறு என்று எதுவும் இல்லை. பூட்டு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். நம் கோபத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருவது. நானும் அப்படி மூன்று இரவுகளை இழந்திருக்கிறேன். பலர் சேர்ந்து ஆடும் ஒரு கேமுக்காக வன்பொருளை இயக்கும் டிரைவரை மாற்றினேன், ஒயின் பதிப்புகளை மாற்றினேன், லினக்ஸையே மறுபடி இன்ஸ்டால் செய்தேன். நான்காம் நாள்தான் தெரிந்தது, அந்த கேமின் ஆன்டி-சீட் லினக்ஸை அனுமதிக்கவே இல்லை என்று. முதல் பத்து நிமிடத்தில் தேடியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பூட்டைத் தோளால் இடிப்பது

ஆகவே முதல் தவறு இதுதான். ஆன்டி-சீட் தடுக்கும் கேமை அமைப்புகளை மாற்றி மாற்றி ஓடவைக்க முயல்வது.

ஏன் முடியாது? சில ஆன்டி-சீட்கள் விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஒரு டிரைவராக இறங்கி, அங்கிருந்து கணினி முழுவதையும் கண்காணிக்கின்றன. ஒயினுக்குக் கீழே இருப்பது லினக்ஸ் கெர்னல். அந்த டிரைவர் தேடும் இடமே அங்கே கிடையாது. ரயட் நிறுவனத்தின் வேன்கார்ட் இந்த ரகம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பல ஆண்டுகளாக ஒயினில் ஓடிக்கொண்டிருந்த கேம். 2024 மே மாதம் வேன்கார்ட் அதற்குள் வந்ததோடு லினக்ஸில் நின்றுபோனது.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இரண்டு ஆன்டி-சீட்களின் கதை வேறு. 2021 செப்டம்பரிலேயே இரண்டும் புரோட்டானை ஆதரிப்பதாக அறிவித்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் "சரி" என்று சொல்ல வேண்டும். ஃபோர்ட்நைட்டுக்கு அந்தச் "சரி" வரவே இல்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸுக்கு 2022-ல் வந்தது. லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்று காரணம் சொல்லி 2024 அக்டோபர் கடைசியில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டபோது லினக்ஸில் ஆடியவர்கள் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். அதே கேமின் தனியாக ஆடும் கதைப்பகுதி மட்டும் ஓடியது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேற்றுவரை ஓடிய கேம் இன்று நின்றால் நம் அப்டேட்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்து, நல்ல நிலையில் இருக்கும் கணினியைப் பிரித்துப்போட ஆரம்பித்துவிடுகிறோம். முதலில் அந்த கேமின் சமீபத்திய அறிவிப்பைப் படியுங்கள். எந்த ஆன்டி-சீட் கேம் லினக்ஸில் என்ன நிலையில் இருக்கிறது என்று பட்டியல் போடும் "ஆர் வி ஆன்டி-சீட் யெட்" தளத்தையும் பாருங்கள்.

மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) விண்டோஸை வைத்து இந்தப் பூட்டை ஏமாற்றலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சில ஆன்டி-சீட்கள் அதையும் கண்டுபிடிக்கும். கணக்கையே முடக்கவும் கூடும். பல ஆண்டுகள் ஆடிச் சேர்த்த கணக்கை அதற்காகப் பணயம் வைக்காதீர்கள்.

ஒரே மாலையில் பத்து புரோட்டான்

மொழிபெயர்ப்புச் சிக்கலுக்குப் புரோட்டான் பதிப்பை மாற்றிப் பார்ப்பது நல்ல வைத்தியம்தான். டெனுவோ என்ற டிஆர்எம் பூட்டு உள்ள கேமில் மட்டும் அதுவே வினையாகிவிடும். கேம் எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதை டெனுவோ அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். புரோட்டான் பதிப்பு மாறினால் அந்த அடையாளமும் மாறும். புதிதாக ஒரு கணினி வந்ததாக அது கணக்கு வைக்கும். வரம்பு தாண்டினால், "கடந்த 24 மணி நேரத்தில் அதிகக் கணினிகள்" என்ற பொருளில் ஒரு செய்தி வந்து கதவு சாத்தப்படும். நீங்கள் அசையாமல் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

அதனால் இப்படிப்பட்ட கேம்களில் ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் முந்தைய முயற்சியின் லாக்கை, அதாவது நடந்ததைப் பதிந்த கோப்பை, படித்துவிட்டு மாற்றுங்கள். ஸ்டீமின் லாஞ்ச் ஆப்ஷனில் புரோட்டான் லாக்கை இயக்கினால் ஹோம் ஃபோல்டரில் ஒரு கோப்பு உருவாகும். நீளமான கோப்புதான்; ஆனால் எங்கே நின்றது என்பது பெரும்பாலும் கடைசிச் சில வரிகளில் இருக்கும். பூட்டியும் விட்டால் ஒரு நாள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காசு கொடுத்து வாங்கியவர் காத்திருக்கவேண்டும் என்பது எனக்கு இன்றுவரை ஒப்பாத விஷயம்.

பதக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது

எந்த கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் "கோல்டு" என்று போட்டிருக்கிறதே என்று வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. அந்தப் பதக்கம் பலருடைய அறிக்கைகளின் கூட்டு. கீழே இறங்கி, கடந்த ஓரிரு மாதங்களில் எழுதப்பட்டவற்றை மட்டும் படியுங்கள். உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். பலர் ஆடும் பகுதி ஓடுகிறதா என்பதைத் தனியாகத் தேடுங்கள். கதைப்பகுதியை மட்டும் ஆடிவிட்டு "அருமை" என்று எழுதியவர்களும் அங்கே உண்டு.

ஸ்டீம் கடைப்பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பெட்டிகளையும் நாம் தாண்டிவிடுகிறோம். டெனுவோ போன்ற வெளி டிஆர்எம் இருந்தால் அங்கே போட்டிருக்கும். கெர்னல் ஆன்டி-சீட் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும் என்று 2024 அக்டோபரில் வால்வ் விதி கொண்டுவந்தது. வாங்கியபின் ஓடவில்லை என்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஓடாத கேமின் லாஞ்சரைத் திறந்துவைத்துப் போராடும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். திரும்பக் கேட்கும்போது காரணத்தை விளக்கமாக எழுதுங்கள்: லினக்ஸில் ஆட வாங்கினேன், இந்தப் பூட்டு தடுத்தது என்று.

கதவு உண்மையிலேயே இறுகியிருந்தால்

இங்கே நம் கைவேலைக்குப் பலன் உண்டு. செய்யக்கூடாதவை சில.

விண்டோஸோடு பங்குபோடும், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பமைப்பு கொண்ட டிரைவில் ஸ்டீம் நூலகத்தை வைக்காதீர்கள். ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டரை உருவாக்குகிறது, பிரிஃபிக்ஸ் என்பார்கள். அதில் "சி" என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி (:) சேர்ந்த பெயருள்ள இணைப்புகள் இருக்கும். விண்டோஸ் முக்காற்புள்ளியைக் கோப்புப் பெயரில் ஏற்காது. ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. போதாக்குறைக்கு, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அந்த டிரைவைப் பாதி உறக்கத்தில் விட்டுவைத்தால் லினக்ஸால் அதில் எழுதவே முடியாமல் போகும். இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் கோப்பமைப்பு கொண்ட டிரைவில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒயினை சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, ஓட்டாதீர்கள். கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் சொத்தாகிவிடும். பிறகு சாதாரணப் பயனராக அதே கேமைத் திறக்க முடியாது. விண்டோஸ் பாகங்களை ஒயினில் சேர்க்க உதவும் வைன்ட்ரிக்ஸில் கண்ணில்படும் டிஎல்எல் கோப்பு அத்தனையையும் ஏற்றுவதும் இதே வகை அவசரம். எது தேவையோ அதை மட்டும் ஏற்றுங்கள், ஒவ்வொன்றாக. கேம் திறந்ததும் மூடிக்கொண்டால் வல்கன் டிரைவர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கேம் என்றால் 32-பிட் டிரைவர் நூலகங்களும் வேண்டும். இடையில் வரும் காட்சிப்படத்துக்குப் பதில் வண்ணப் பட்டைகள் தெரிந்தால் அது வீடியோ வடிவத்தின் சிக்கல். கேமை அழித்து மறுபடி இறக்கினால் தீராது. புரோட்டானின் மாற்றுப் பதிப்பான புரோட்டான்-ஜிஇ பெரும்பாலும் தீர்த்துவைக்கும். லினக்ஸுக்கென்றே ஒரு பதிப்பு இருந்தால் அதுதான் சிறந்தது என்றும் நம்பிவிட வேண்டாம். சில கேம்களின் லினக்ஸ் பதிப்பு அப்டேட் இல்லாமல் கைவிடப்பட்டிருக்கும். விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் அதைவிட நன்றாக ஓடும்.

பிரிஃபிக்ஸை அழித்துப் புதிதாகத் தொடங்குவது பல நோய்களுக்கு மருந்து. அழிப்பதற்கு முன் சேவ் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள். எல்லா கேமும் கிளவுடில் சேமிப்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை நாற்பது மணி நேர ஆட்டம். அந்த ஃபோல்டரை அழித்த கணத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

பழைய வட்டு, புதிய கிராக்

அலமாரியில் இருக்கும் பழைய சிடியை எடுத்துப் போட்டு, ஓடாவிட்டால் லினக்ஸைத் திட்டுவது இன்னொரு தவறு. 2000-களின் பல வட்டுகளில் இருந்த பூட்டு சேஃப்டிஸ்க். அது சார்ந்திருந்த டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக 2015-ல் விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாஃப்டே நீக்கிவிட்டது. சொந்த வீட்டிலேயே அந்த கேம் இப்போது ஓடாது. அப்போது பூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு ஸ்போர் ஓர் உதாரணம்: 2008-ல் செக்யூரோம் பூட்டோடு வந்தது, மூன்றே முறைதான் ஆக்டிவேட் செய்யலாம். வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகு ஐந்தாக்கினார்கள்.

இந்த எரிச்சலில் கிராக், அதாவது பூட்டை உடைத்த பதிப்பு, தேடிப் போகும் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் "லினக்ஸில் வைரஸ் ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையோடு முகம்தெரியாதவர் தந்த எக்ஸி கோப்பை ஒயினில் ஓட்டாதீர்கள். வழக்கமான அமைப்பில் ஒயின் உங்கள் முழுக் கோப்பு மரத்தையும் "இசட்" டிரைவாகக் காட்டுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் நீங்கள் படிக்க, அழிக்க முடிந்தவற்றையெல்லாம் அந்த எக்ஸியாலும் படிக்கவும் அழிக்கவும் முடியும். அதே பழைய கேம் பூட்டில்லாமல் விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடுவது மேல். 2008 முதல் டிஆர்எம் இல்லாத கேம்களை விற்றுவரும் ஜிஓஜியில் பழையவை நிறையக் கிடைக்கும். லூட்ரிஸ் அல்லது ஹீரோயிக் என்ற லினக்ஸ் மென்பொருள் வழியாக அவற்றை ஓட்டலாம்.

வாங்கியது கையில் இருக்கிறதா?

2014-ல் வெளிவந்த தி க்ரூ என்ற கார்பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் நிறுத்தியது. தனியாக ஆடும் பகுதிக்கும் சர்வர் தேவைப்பட்டதால் மொத்த கேமும் போயிற்று. விண்டோஸில் ஆடியவர்களுக்கும் அதே கதிதான். யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் இதிலிருந்து பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது முன்வைத்த மனு 2025-ல் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில், விற்பது உரிமம்தான் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை "வாங்கு" என்று விற்கக்கூடாது.

உங்களுக்குப் பிடித்த கேம்களை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறங்கள். ஸ்டீமில் வாங்கியவற்றிலும் சிலவற்றுக்குப் பூட்டே கிடையாது. ஃபோல்டரை நகலெடுத்து வேறு கணினியில் வைத்தாலும் ஓடும். ஜிஓஜியில் வாங்கியவை என்றால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கி, வெளி ஹார்டு டிஸ்க்கில் சேவ் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். எந்த ஒயின் பதிப்பில் ஓடியது என்று ஒரு சிறு குறிப்பையும் அதே ஃபோல்டரில் எழுதிவையுங்கள். ஐந்தாண்டு கழித்து அதைத் திறக்கும்போது முதலில் தேடப்போவது அந்தக் குறிப்பைத்தான்.